வேர் கசியும் களைக்கொல்லி: சோளத்திலும் நெல்லிலும் வேதித்தடைக்கான சான்றுகள்

ஈரத்தாளில் சோள விதைகளைப் பரப்பி இருட்டில் முளைக்கவிட்டு, ஒரு வாரம் கழித்து வேரை உருப்பெருக்கியில் பார்த்தால், வேர்த்தூவிகளின் நுனியில் பொன்மஞ்சள் நிறச் சிறுதுளிகள் நிற்பதைக் காணலாம். நீரோடு கலக்காத எண்ணெய்த் துளிகள் அவை. 1986-இல் நெட்ஸ்லியும் பட்லரும் இவற்றை விவரித்தார்கள். துளியின் பெரும்பங்காக இருக்கும் சேர்மத்தின் அமைப்பும் அதே ஆண்டில் வெளியானது. சோளத்தின் அறிவியல் பெயரை ஒட்டி அதைச் ‘சோர்கோலியோன்’ என்கிறார்கள். குவினோன் வளையம் ஒன்று, அதோடு பதினைந்து கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட வால் ஒன்று: அமைப்பு இவ்வளவுதான். இந்தத் துளி மண்ணில் பக்கத்துச் செடியின் முளையைத் தொட்டால் என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஒரு பயிர் தன் அண்டையில் முளைப்பதை வேதிப்பொருளால் அடக்கும் என்ற எண்ணம் மிகப் பழையது. அதற்கான நம்பத்தக்க சான்று மிகப் புதியது. இலையை அரைத்துச் சாறெடுத்து முள்ளங்கி விதைமேல் ஊற்றி, முளைப்பு குறைந்ததைக் கண்டு, ‘அல்லீலோபதி நிரூபிக்கப்பட்டது’ என்று முடிக்கும் கட்டுரைகள் எல்லா மொழிகளிலும் பெருகிக் கிடக்கின்றன. அவை காட்டுவது வேறொன்று என்பது என் வாதம். உயிருள்ள வேர், இயல்பான அளவில், உண்மையான மண்ணில் பொருளை வெளியிட்டு அண்டைச் செடியைத் தடுக்கிறது என்று காட்டினால்தான் அச்சொல் பொருந்தும். அந்த அளவுகோலுக்கு நின்று காட்டிய பயிர்கள் சிலவே. வழிமுறையின் தெளிவில் சோளமும், மரபணுச் சான்றில் நெல்லும் அவற்றில் முதலிடம் பெறுகின்றன.

பழியின் பழமை

கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி எழுதிய கிரேக்கத் தாவரவியலாளர் தியோஃபிராஸ்டஸ், கொண்டைக்கடலை மற்றப் பயறுகளைப்போல் நிலத்தைத் தேற்றாமல் சோர்வடையச் செய்கிறது என்றும், களைகளை அழிக்கிறது என்றும், எல்லாவற்றுக்கும் முன்னதாக நெருஞ்சியை ஒழிக்கிறது என்றும் பதிவு செய்தார். வால்நட் மரத்தின் நிழல் தீது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். கருப்பு வால்நட்டிலிருந்து ‘ஜுக்லோன்’ என்ற குவினோனைப் பிற்காலத்தார் பிரித்தபோது அந்தப் பழிக்கு ஒரு வேதிப்பெயர் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண்துறையின் ஷ்ரைனரும் ரீடும், களைத்துப்போன நிலங்களில் வேர்கள் விட்டுச்சென்ற நச்சுகள் இருக்கின்றன என்று வாதிட்டனர். உரச்சத்துக் குறைவே காரணம் என்ற எதிர்வாதம் வலுத்து, அவர்கள் ஆய்வு பல பத்தாண்டுகள் ஒதுங்கிக் கிடந்தது. ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் 1937-இல் ‘அல்லீலோபதி’ என்ற சொல்லை ஆக்கினார். ஒன்றுக்கொன்று நேரும் துன்பம் என்பது அதன் கிரேக்க வேர்ப்பொருள். ஆனால் மோலிஷ் அதை நன்மை, தீமை இரண்டையும் குறிக்கவே பயன்படுத்தினார். இக்கட்டுரை தீமைப் பக்கத்தை மட்டும் ‘வேதித்தடை’ என்று குறிக்கிறது.

இத்துறை தன்மேல் ஐயம் கொள்ளக் கற்றது கலிபோர்னியாவில். அங்கே மணமுள்ள புதர்களைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டர் அகலத்துக்குப் புல் முளைக்காத வெற்றுவளையம் காணப்படும். புதரின் இலைகளிலிருந்து ஆவியாகும் டெர்பீன்களே அதற்குக் காரணம் என்று 1964-இல் முல்லரும் உடன் ஆய்வாளர்களும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினர். விளக்கம் அழகாக இருந்தது, பாடநூல்களில் ஏறியது. 1970-இல் பார்த்தலோமியூ அதே இதழில் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். வெற்றுவளையத்தில் கம்பிவலைக் கூண்டு வைத்து எலி, முயல், பறவைகளை விலக்கினார். கூண்டுக்குள் புல் முளைத்தது. புதரடியில் ஒளிந்திருந்து, ஆபத்தென்றால் திரும்ப ஓடி மறையும் தூரம்வரை வந்து மேய்ந்த சிற்றுயிர்களே அந்த வளையத்தின் பெரும்பகுதியை வரைந்திருந்தன. ஆவிக்கு எந்தப் பங்கும் இல்லை என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் கண்முன் தெரியும் ஒரு வெற்றிடத்துக்கு வேதியியல் விளக்கம் தருமுன் வேலி போட்டுப் பார்க்க வேண்டும் என்ற பாடம் அன்று நிலைத்தது.

போட்டியா, நஞ்சா?

பயிர்நிலத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். கொங்குப் பகுதியில் மாட்டுத் தீவனத்துக்காக நெருக்கி விதைத்த சோளக்காட்டில் களை குறைவாகவே இருக்கும். அதைக் கண்டு சோர்கோலியோனைப் புகழ்வது எளிது. ஆனால் அந்தக் காட்டில் தரைக்கு வெயில் வருவதில்லை. சோளத்தின் ஆழ்வேர் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. மண்ணிலிருந்த தழைச்சத்து முதலில் முளைத்தவனுக்கே போகிறது. நிழல், நீர், சத்து என்ற மூன்றையும் கழித்த பிறகு எஞ்சுவது எதுவோ அதுவே வேதித்தடை. கழித்தல்தான் கடினம்.

வில்லிஸ் 1985-இல் இதற்கு ஆறு நிபந்தனைகளைத் தொகுத்தார்: தடுப்பு ஓர் ஒழுங்கில் காணப்பட வேண்டும், தடுப்பதாகக் கருதப்படும் செடி அந்த நச்சை உண்டாக்க வேண்டும், அது வெளியேற வழி இருக்க வேண்டும், மண்ணில் நகரவோ சேரவோ வேண்டும், பாதிக்கப்படும் செடி அதை உட்கொள்ள வேண்டும், போட்டி, மேய்ச்சல் போன்ற பிற காரணங்களால் மட்டுமே அந்த ஒழுங்கை விளக்கிவிட முடியக் கூடாது. நோய்க்கிருமியை அடையாளம் காண மருத்துவம் வைத்திருக்கும் காக்கின் விதிகளை இவை நினைவூட்டும். பெரும்பாலான இலைச்சாறு ஆய்வுகள் இரண்டாவது நிபந்தனையோடு நின்றுவிடுகின்றன. செறிந்த சாற்றில் உப்பும் சர்க்கரையும் மிகுந்து, அதன் சவ்வூடு அழுத்தமே விதையை நீர் உறிஞ்சவிடாமல் செய்யும். மண் இல்லாத பெட்ரித் தட்டில் களிமண் துகளோ நுண்ணுயிரோ அந்தப் பொருளைத் தொடுவதே இல்லை. ஒரு செடிக்குள் நஞ்சு இருப்பது வேறு. அந்த நஞ்சு அடுத்த செடியைப் போய்ச் சேர்வது வேறு.

ஆறாம் நிபந்தனையைச் சோதிக்க வந்த உத்திகளுள் எனக்கு மிகவும் பிடித்தது 1989-இல் வைடன்ஹேமரும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த அடர்த்திச் சோதனை. ஒரு சட்டியில் செடிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால், சாதாரண மண்ணில் ஒவ்வொரு செடியும் சிறுக்கும். பங்கு குறைகிறது அல்லவா. நச்சு கலந்த மண்ணில் நிலைமை தலைகீழ். பங்கிடப்படுவது உணவோடு நஞ்சும்தான். ஒற்றைச் செடி சட்டியில் உள்ள நஞ்சு முழுவதையும் தானே வாங்கிக்கொள்கிறது. பத்துச் செடிகள் அதைப் பத்தாகப் பிரித்துக்கொள்கின்றன. ஆகவே குறைந்த அடர்த்தியில்தான் செடி மிகவும் வாடும். நெருக்கினால் சற்றுத் தேறும். போட்டியின் விதியால் ஒருபோதும் விளக்க முடியாத வடிவம் இது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்; சட்டியும் விதையும் தராசும் போதும். இத்தனை மலிவான சோதனையை இத்துறையில் இன்னும் சிலரே செய்கிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சோளத்தின் வழிமுறை

சோர்கோலியோன் இலைச்சாறு அல்ல, உயிருள்ள வேர்த்தூவி தொடர்ந்து சுரப்பது. துளியைத் துடைத்தெடுத்தால் வேர்த்தூவி மீண்டும் சுரக்கிறது. துளி அப்படியே தங்கினால் சுரப்பு தணிகிறது. அதாவது மண் எவ்வளவு வாங்குகிறதோ அவ்வளவு சுரப்பு. சுரப்புக்கு ஏற்ற வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதை அமெரிக்க வேளாண்துறையின் மிசிசிப்பி ஆய்வகத்தில் ஃபிராங்க் டயான் கண்டார். துத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு களையின் வேர்ச்சாறு பட்டபோது சோளம் கூடுதலாகச் சுரந்தது என்பதும் அவர் கண்டதே.

இப்பொருள் செயல்படும் இடமும் தெரியும். பசுங்கணிகத்தில் இரண்டாம் ஒளி அமைப்பின் டி1 புரதத்தில் பிளாஸ்டோகுவினோன் வந்து அமரும் ஒரு குழி உண்டு. சோர்கோலியோன் அந்தக் குழியில் தான் அமர்ந்து எலெக்ட்ரான் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. மக்காச்சோளத்துக்கும் சோளத்துக்கும் நம் உழவர்கள் தெளிக்கும் அட்ரசின் களைக்கொல்லி அமர்வதும் இதே குழியில்தான். தொழிற்சாலை கண்டுபிடித்த இலக்கைச் சோளம் தன் வேரில் முன்பே கண்டிருந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஒளிச்சேர்க்கை இலையில் நடக்கிறது; நீரில் கரையாத எண்ணெய்த் துளி மண்ணிலிருந்து இலைக்கு ஏறுமா? ஏறாது என்றே கதிரியக்கக் குறியிட்ட சோர்கோலியோனைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது. வளர்ந்த செடியின் நீர்க்குழாய்களில் அது மேலே செல்வதில்லை. ஆனால் மண்ணைத் துளைத்து வெளிவரும் இளமுளை, தன் தண்டுப்பகுதியாலும் விதையிலைகளாலும் அதை நேரடியாக உறிஞ்சிக்கொள்கிறது; அங்கே ஒளிச்சேர்க்கை தடைப்படுகிறது. வளர்ந்த செடியில் வேறு இலக்குகள் அடிபடுகின்றன: வேர்ச்சவ்வில் ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றும் நொதி, மூச்சுவிடும் மைட்டோகாண்ட்ரியா, கரோட்டினாய்டு உருவாகத் துணைபுரியும் ஒரு நொதி. சிறுவிதைக் களைகள் முளையிலேயே ஒடுங்குவதும், ஏற்கெனவே தலைநிமிர்ந்த களை பெரிதாகச் சட்டை செய்யாததும் இதனால் விளங்கும். மறுப்பைக் கேட்டு அதற்கு விடை தேடியதால்தான் சோளத்தின் வழக்கு வலுப்பெற்றது.

மண்ணில் அது இருக்கிறதா என்பதற்கும் விடை உண்டு. வைடன்ஹேமர் 2009-இல் சிலிக்கோன் குழாய்த் துண்டுகளைச் சோளம்–சூடான்புல் கலப்பினத்தின் வேர்ப்பகுதியில் புதைத்து, அவற்றில் ஊறிய சோர்கோலியோனை அளந்தார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மறுதாம்புத் தீவனச் சோளமான கோ.எஃப்.எஸ். 29-உம் சூடான்புல்லோடு கலந்து பிறந்ததே. இந்த அளவீட்டை இங்கேயும் அப்படியே செய்ய முடியும்.

எல்லாச் சோள விளைவையும் சோர்கோலியோன் கணக்கில் எழுதுவதும் தவறு. பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தில் சீமாவும் காலிக்கும் முதிர்ந்த சோளத்தட்டை நறுக்கி, நீரில் ஒரு நாள் ஊறவைத்து வடித்த ‘சோர்காப்’ கரைசலைக் கோதுமை வயலில் தெளித்தார்கள். களையின் எடை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்ததாக அறிவித்தார்கள். சிறுவிவசாயிக்குப் பயன்படக்கூடிய வேலை அது, மதிக்கிறேன். ஆனால் நீரில் கரையாத சோர்கோலியோன் அந்த ஊறல்நீரில் இருக்க வழியில்லை. அதில் இருப்பவை ஃபீனாலிக் அமிலங்கள் முதலியவை. சோர்காப்பின் வெற்றி வேர்த்துளியின் வெற்றியாகாது. ஒன்று தெளிப்பு மருந்து, மற்றது ஒரு செடியின் வாழ்வுமுறை.

அறுத்த சோளத்துக்குப் பின்வரும் பயிர் நோஞ்சானாக நிற்பது மானாவாரி உழவர் பலரும் அறிந்தது. அமெரிக்காவில் 1920-களிலேயே இதை ஆராய்ந்தார்கள். 1927-இல் கான்ராட் தந்த விளக்கம் நஞ்சைத் தொடவே இல்லை: சோளக்கட்டையிலும் வேரிலும் சர்க்கரை மிகுதி, அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தமக்குள் கட்டிவைத்துக்கொள்கின்றன, அடுத்த பயிர் பட்டினி கிடக்கிறது. தழைச்சத்து இட்டதும் பயிர் தேறினால் கான்ராட் சொன்னதே சரி. தேறாவிட்டால்தான் நஞ்சைத் தேட வேண்டும்.

நெல்லின் சான்று

1980-களில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் டில்டே நெல் மரபுவளப் பாத்திகளில் நடந்துகொண்டிருந்தபோது, சில வகைகளைச் சுற்றி மட்டும் ஒரு நீர்க்களை முளைக்காத வட்டம் இருப்பதைக் கவனித்தார். கலிபோர்னியா வளையத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இங்கே நெஞ்சு படபடக்கும். ஆனால் அவர் வட்டத்தோடு நிற்கவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் வகைகளை வயலில் சோதித்து, அவற்றுள் நானூறுக்கும் மேற்பட்டவை அக்களையைத் தடுப்பதைக் கண்டார். ஒரே பயிரின் வகைகளுக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பது, இதற்கு மரபுவழி அடிப்படை உண்டு என்பதற்கான முதல் குறிப்பு. வெள்ளரியில் பட்னமும் டியூக்கும் 1974-இலேயே இதே வழியில் சென்றிருந்தார்கள்: 526 வெள்ளரி வகைகளில் ஒன்று அண்டைச் செடியின் வளர்ச்சியை 87 விழுக்காடு குறைத்தது; 25 வகைகள் பாதிக்குமேல் குறைத்தன.

நெல்லில் குற்றவாளியாக நின்ற சேர்மம் மோமிலாக்டோன். ‘மோமி’ என்றால் ஜப்பானியத்தில் உமி நீங்காத நெல். 1973-இல் நெல்லுமியிலிருந்து பிரிக்கப்பட்டதால் வந்த பெயர். முளைப்பைத் தடுக்கும் உமிப்பொருளாக அறிமுகமான இதன் ‘பி’ வடிவத்தை நெல்வேர் உயிரோடிருக்கும்போதே வெளியே கசியவிடுகிறது என்று காட்டியவர் ஜப்பானின் காட்டோ-நொகுச்சி. நெல்வயல் களையான குதிரைவாலிப் புல் அருகில் வளரும்போது கசிவு கூடுகிறது என்பதையும் அவரே கண்டார்.

இவற்றையெல்லாம் தாண்டி, ஐயத்துக்கு இடமில்லாத சோதனை 2012-இல் வந்தது. மோமிலாக்டோனை உண்டாக்கும் மரபணுக்கள் நெல்லின் 4-ஆம் குரோமோசோமில் ஒரே கொத்தாக அமர்ந்திருக்கின்றன. மெய்மெய் ஷூவும் ரூபன் பீட்டர்ஸும் உடன் ஆய்வாளர்களும் அக்கொத்தின் இரு மரபணுக்கள் செயலிழந்த நெல் வரிசைகளை எடுத்தார்கள். செடி அதே நெல்தான். அந்தச் சேர்மம் மட்டும் இல்லை. குதிரைவாலிப் புல்லை அடக்கும் ஆற்றல் குறைந்தது. நிழல், நீர், சத்து மூன்றையும் இரு தரப்பிலும் சமமாக்கி, ஒரே ஒரு பொருளை உருவி எடுத்துப் பார்ப்பது இது. பார்த்தலோமியூவின் கூண்டு எலியை விலக்கியதுபோல் இங்கே மரபணு நீக்கம் மோமிலாக்டோனை விலக்கியது. விடை இம்முறை வேதிப்பொருளுக்குச் சாதகமாக வந்தது. குலைநோய்ப் பூஞ்சைக்கு எதிரான தற்காப்பே இச்சேர்மத்தின் முதல் வேலை என்று கருதியிருந்தவர்களுக்கு அதே ஆய்வு ஓர் அதிர்ச்சி தந்தது. அந்நோய் எதிர்ப்பில் அதற்குப் பங்கு தென்படவில்லை.

களையும் சும்மா இல்லை. குதிரைவாலிப் புல்லின் மரபுத்தொகுதியை 2017-இல் படித்தபோது, அதற்குள்ளும் மோமிலாக்டோன் மரபணுக் கொத்து இருப்பது தெரிந்தது. அதோடு மக்காச்சோளத்தில் பெயர்பெற்ற ‘டிம்போவா’ என்ற தற்காப்புச் சேர்மத்துக்கான கொத்துகளும் இருந்தன; நெல்லோடு சேர்த்து வளர்த்தபோது டிம்போவா மரபணுக்கள் விழித்துக்கொண்டன. வயலில் நடப்பது ஒருதலைத் தாக்குதல் அல்ல. கோங் சுய்ஹுவாவின் குழு 2018-இல் கோதுமையை நூறு தாவர இனங்களோடு வளர்த்து, அண்டையில் இருப்பவரை வேர் கசியும் லோலியோலைடு, ஜாஸ்மோனிக் அமிலம் போன்ற சைகைப் பொருள்களால் கோதுமை உணர்ந்து, அதற்கேற்பத் தன் வேதிப்பொருளைக் கூட்டுகிறது என்று காட்டியது.

மண் சொல்லும் தீர்ப்பு

மண் ஒரு வெற்றுப் பாத்திரமன்று. ரை தானியத்தின் வேரும் தாளும் வெளியிடும் பென்சாக்சசினாய்டுகளை மண் நுண்ணுயிர்கள் உருமாற்றும்போது பிறக்கும் பொருள்களில் சில மூலத்தைவிடக் கொடியவை. மாறாக, சோர்கோலியோனின் மெத்தாக்சிப் பகுதியை மண் நுண்ணுயிர்கள் விரைவில் பிய்த்தெடுத்துவிடுகின்றன. ஒரே வகைச் சோளம் செம்மண்ணிலும் கரிசலிலும் ஒரே அளவில் களையை அடக்கும் என்று எதிர்பார்க்க எந்த நியாயமும் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று: அதே பொன்துளிக்கு வேறு வேலைகளும் உண்டு. அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் மண் பாக்டீரியாக்களை அது தடுக்கிறது. சுப்பாராவ் குழு 2013-இல் சோளத்தில் இதை எழுதியது. இட்ட உரம் நைட்ரேட்டாகிக் கரைந்தோடாமல் தங்குவது உழவனுக்கு ஆதாயம். மறுபக்கம், சுடுமல்லி என்று நாம் அழைக்கும் ஸ்ட்ரைகாவின் விதை, சோளவேர் அருகில் இருப்பதை அறிந்துதான் முளைக்கும். அதன் முதன்மை அழைப்பு வேர் கசியும் ஸ்ட்ரைகோலாக்டோன்கள். ஆனால் 1986-இல் சோளத்துளியின் ஆக்சிஜன் ஏறாத வடிவம் தனிமைப்படுத்தப்பட்டதே ஸ்ட்ரைகா விதையை முளைப்பிக்கும் பொருளைத் தேடியபோதுதான். சாதாரணக் களையை அடக்குவதும், உரத்தைக் காப்பதும், ஒட்டுண்ணியின் விதையை எழுப்ப வல்லதும் ஒரே துளி. ‘சோர்கோலியோன் மிகுந்த வகையை உருவாக்குவோம்’ என்று முழங்குமுன், அந்த நிலத்தில் சுடுமல்லி உண்டா என்று கேட்டாக வேண்டும்.

வேதித்தடையைப் பயிர்ப்பெருக்கத்தில் தேட வேண்டியதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. தேடாமல் விட்டால் அது கரைந்துபோகிறது. ஸ்வீடனில் பெர்த்தோல்ட்சன் நூறாண்டு பார்லி வகைகளை ஒப்பிட்டபோது, நாட்டு வகைகளில் இருந்த ஆற்றல் புதிய வகைகளில் குறைந்திருந்ததைக் கண்டார். யாரும் அதை வேண்டாமென்று ஒதுக்கவில்லை. யாரும் அதை அளக்கவில்லை, அவ்வளவுதான். களையெடுத்துச் சுத்தமாக வைத்த பாத்தியில் தேர்வு நடந்தால், களையை அடக்கும் செடிக்கு மதிப்பெண் கிடைக்க வழி ஏது? தென்சீனத்தில் இதற்கு மாறாக, டில்டேயின் ஆய்வில் பெயர்பெற்ற ஒரு நெல் வகையைக் கலந்து, களையடக்கும் பண்பையே இலக்காக வைத்து ‘ஹுவாகான் 3’ என்ற வகையை உருவாக்கி 2009-இல் வெளியிட்டார்கள்.

காவிரிப் படுகையில் நாற்றுவிட்டு நடுவதை விட்டு நேரடி விதைப்புக்கு மாறுவோர் பெருகுகிறார்கள். நடவில் நெல்லுக்கு மூன்று வார முன்னிலையும், தேங்கிய நீரின் காவலும் இருந்தன; நேரடி விதைப்பில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் ஒரே நாளில் முளைக்கின்றன. வேரின் கசிவுக்கு மதிப்பு வரும் வயல் இதுதான். நம் நெல் ஆராய்ச்சி நிலையங்களும் மரபுநெல் காக்கும் உழவர் குழுக்களும் தம்மிடமுள்ள வகைகளை, களையெடுக்காத பாத்தியில், அடர்த்திச் சோதனையோடும் வேர்க்கசிவு அளவீட்டோடும் ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிட வேண்டுகிறேன். இலையை அரைக்க வேண்டாம். முளைத்த நெல்லின் பக்கத்தில் குதிரைவாலிப் புல்லின் விதையை இட்டு, இருபது நாள் கழித்து இரண்டையும் எடைபோடுங்கள்.